தம்பி போட்ட முதல் பாட்டுக்கு என்ன பதில் சொல்ல?

தக்கலைக் கீபோர்டு:

எல்லாருக்கும் வணக்கம். கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவன் நான். அதனால் எங்கள் பக்கத்துப் பசங்க சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டால் முதலில் என் வாட்ஸ்அப்பில்தான் வந்து விழும். பெரும்பாலும் கிறிஸ்துமஸ் பாட்டு, இல்லாவிட்டால் காதல் பாட்டு, எப்போதாவது அம்மன் கொடைக்கு ஒன்று. "சூப்பர் மக்கா" என்று ஒரு கட்டைவிரலைப் போட்டால் அவனுக்கும் சந்தோஷம், எனக்கும் வேலை முடிந்தது. இப்போது வந்திருப்பதை அப்படித் தள்ளிவிட மனசு வரவில்லை.

குமரி மாவட்டத் தூத்தூர்ப் பக்கத்துப் பையன், கல்லூரியில் படிக்கிறான். 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத அவன் மாமாவைப் பற்றி அவனே எழுதி, மெட்டுப் போட்டு, வீட்டிலேயே பாடிப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறான். "அண்ணா, மனசு நோகும்னு பார்க்காம உண்மையைச் சொல்லுங்க" என்று கூடவே ஒரு வரி. எனக்குச் சிக்கலே அங்கேதான். மெட்டில் குறை சொன்னால் அந்த வீட்டுத் துக்கத்தில் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று இருக்கிறது.

கேட்டதைச் சொல்கிறேன். நீளம் 5 நிமிடம் 40 விநாடி, அதில் 50 விநாடி முன்னிசைக்கே போய்விடுகிறது. ராகம் மோகனம் என்று எழுதியிருக்கிறான், சுருதி (ச வைக்கிற இடம்) இரண்டு கட்டை. பல்லவி மேல் ஸ்தாயி காந்தாரம் (உச்சத்தில் வரும் க) வரை ஏறுகிறது, சரணம் மந்தர பஞ்சமத்தில் (கீழ் ஸ்தாயி ப) தொடங்குகிறது. குரல் மேல் எக்கோவும் ரிவெர்பும் (பெரிய கூடத்தில் பாடுகிற மாதிரி வரும் முழக்கம்) கொட்டிக் கிடக்கின்றன, ஸ்ட்ரிங்ஸ் சத்தம் குரலை அமுக்குகிறது, நடுவில் கூரையில் மழை விழுகிற சத்தம் வேறு. இரண்டு சரணமும் ஒரே மெட்டு, ஒரே வாத்தியம். "கடல்" என்ற சொல் வரும் இடமெல்லாம் முதல் எழுத்தை நாலு தட்டு இழுக்கிறான், கேட்கிறவர் காதில் "காடல்" என்று விழுகிறது. ஆனால் 3 நிமிடம் 10 விநாடியில் டிரம்ஸ் எல்லாம் நின்று கிட்டாரும் குரலும் மட்டும் வருகிற ஓர் இடம் இருக்கிறது, அங்கே மோகனத்தில் இல்லாத ஒரு நிஷாதத்தை (நி சுரம்) தொட்டு இறங்குகிறான் பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது.

இதில் எதைச் சொல்வது, எதை இப்போதைக்கு விடுவது, எதை முதலில் சொல்வது? பாட்டுப் போடுகிறவர்களும் அதைக் கேட்டுக் கருத்துச் சொல்லிப் பழகியவர்களும் சொல்லுங்கள்.

ஆறரைக்கட்டை:

மோகனத்தில் நிஷாதம் கிடையாது. ச ரி க ப த, அஞ்சே சுரம். அதுகூடத் தெரியாமல் ராகப் பெயரை எழுதிப் போடுகிறான் என்றால் ஓர் ஆசிரியரிடம் போய் முதல் பாடமான சரளி வரிசையில் இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இப்போது கம்ப்யூட்டரைத் திறந்தவன் எல்லாம் இசையமைப்பாளர். உண்மையைக் கேட்டது அவன்தானே, சொல்லிவிட வேண்டியதுதான்.

வில்லடி:

ஆறரைக்கட்டை அண்ணே, அவருக்கு மயிர்க்கூச்செறிந்த இடமே அந்த நிஷாதம்தான் என்கிறார், நீங்கள் சரியாக அதைப் பிடித்தே அடிக்கிறீர்களே.

நான் வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவன். ராக இலக்கணம் பெரிதாகத் தெரியாது. ஆனால் கொடை ராத்திரியில் முன்னால் உட்கார்ந்திருக்கிற சனம் எப்போது நிமிர்கிறது, எப்போது எழுந்து கட்டஞ்சாயா குடிக்கப் போகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் பாட்டை நடத்துகிற அண்ணாவி கதையை இழுக்கவோ சுருக்கவோ செய்வார். நம்ம ஒழுகினசேரி என்.எஸ்.கிருஷ்ணன் கூட வில்லுப்பாட்டில் இருந்து போனவர்தான், கூட்டத்தின் நாடி பிடிக்கிற வித்தை அங்கே தானாக வந்துவிடும். வீட்டு அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் பாட்டுப் போடுகிற பையனுக்கு அந்தக் கூட்டம் எங்கே இருக்கிறது? கீபோர்டு அண்ணே, இப்போதைக்கு அவனுக்குக் கூட்டம் நீங்கள் ஒரே ஆள்தான்.

அதனால் "முன்னிசை நீளம்" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். "இருபதாவது விநாடியிலேயே எனக்குக் கவனம் போய்விட்டது, குரல் வந்ததும் திரும்பி வந்தேன்" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நீளமா குறைவா என்று வாதாடலாம், எனக்குக் கவனம் போனதை அவன் எப்படி இல்லை என்பான்? பாட்டை இரண்டு தடவை கேளுங்கள், முதல் தடவை ஒன்றும் குறிக்காமல் சும்மா, அடுத்த தடவை நிமிடம், விநாடி போட்டு எழுதிக்கொண்டு. "நடுவில் கொஞ்சம் தொய்வு" என்று சொல்வதால் யாருக்கும் பிரயோசனம் இல்லை, எந்த நடுவில் என்று அவன் எங்கே போய்த் தேடுவான்.

மார்த்தாண்டம் மிக்ஸிங்:

சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், இந்த மாதிரிப் பாட்டுகள் நிறைய வரும். நீங்கள் போட்ட பட்டியலில் பாதி பாட்டைப் பற்றியது, பாதி பதிவைப் பற்றியது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் பையன் பதிவை மட்டும்தான் திருத்துவான், ஏனென்றால் அது சுலபம், ரிவெர்பைக் குறைக்க ஒரு குமிழைத் திருப்பினால் போதும், பல்லவியைத் திருப்பி எழுத மனசு வேண்டும். அப்புறம் "அண்ணா, நீங்க சொன்னதெல்லாம் செஞ்சுட்டேன்" என்று அதே மெட்டைச் சுத்தமான சத்தத்தில் அனுப்புவான். ஆகவே மெட்டு நிலைக்கும் வரை சத்தத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். "எல்லாத்தையும் எடுத்துட்டு, கிட்டார் மட்டும் வச்சுப் பாடி போனில் ரெக்கார்டு பண்ணி அனுப்பு மக்கா" என்று கேளுங்கள். எக்கோவும் ஸ்ட்ரிங்ஸும் போன பிறகும் நிற்கிற பாட்டா என்பது அதில் தெரிந்துவிடும். புதிதாகப் பாடுகிறவர்கள் குரலில் நம்பிக்கை இல்லாமல் ரிவெர்புக்குள் ஒளிவது வழக்கம், அதைக் கிண்டல் செய்தால் அடுத்த பாட்டில் இன்னும் உள்ளே போவார்கள்.

பதிவைப் பற்றிச் சொல்கிற நேரம் வரும்போது காரணத்தோடு சொல்லுங்கள். "குரல் கேட்கவில்லை" என்றால் அவன் குரலை ஏற்றுவான், பிறகு எல்லாமே சத்தமாகும். 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஸ்ட்ரிங்ஸ், கிட்டார், குரல் மூன்றும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், ஸ்ட்ரிங்ஸில் அந்த இடத்தைக் கொஞ்சம் வெட்டினால் குரலை ஏற்றாமலேயே வெளியே வரும் என்று சொன்னால் அது அவனுக்கு அடுத்த பாட்டுக்கும் உதவும். பசங்க இன்னொன்று செய்வார்கள், சத்தம் எல்லை தாண்டாமல் அமுக்குகிற லிமிட்டரைப் போட்டு முட்டுகிற வரைக்கும் சத்தத்தை ஏற்றுவார்கள். யூடியூப், ஸ்பாட்டிஃபை இரண்டும் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதில் விழும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு அதை இறக்கிவிடும், நசுங்கியதுதான் மிச்சம்.

மழைச் சத்தம் பற்றி: தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமும் பெய்கிற ஊரில் ஓட்டு வீட்டிலோ தகரக் கூரையிலோ பதிவு செய்கிறவனை என்ன சொல்ல. சில வரிகளை மட்டும் மழை விட்ட பிறகு திருப்பிப் பாடட்டும்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் வந்ததை போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "பேஸ் இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஸ்பீக்கரில் பேஸ் வராது.

தக்கலைக் கீபோர்டு:

நன்றி. ஒரு விவரம் விட்டுப்போயிற்று. பாட்டு எதற்கு என்று அவனிடம் இன்றைக்குக் கேட்டேன். நவம்பர் 30-ல் அவர்கள் ஊர்க் கோயிலில் நினைவுத் திருப்பலி உண்டாம், அதில் இதைப் பாட வேண்டும், பல்லவியைச் சனங்களும் சேர்ந்து பாட வேண்டும் என்று ஆசை. யூடியூப் எல்லாம் அப்புறம்தானாம்.

கடற்கரைக்காரி:

அண்ணா, இந்தக் கேள்வியைக் கேட்டதும் பாதி வேலை முடிந்தது. இப்போது உங்கள் பட்டியலைத் திருப்பிப் பாருங்கள், வரிசையே மாறிவிடும். யூடியூப் பாட்டு என்றால் முன்னிசையும் ரிவெர்பும் பெரிய விஷயம். கோயிலில் சனங்கள் பாடும் பாட்டுக்கு அந்த மேல் காந்தாரம்தான் முதல் பிரச்சினை.

நான் எங்கள் கோயில் பங்கில் பாடகர் குழுவுக்குப் பாட்டு எழுதி மெட்டுப் போடுகிறவள், என் பாட்டுக்கு வந்த கருத்துகளிலேயே நல்லது கெட்டது இரண்டும் பார்த்திருக்கிறேன். இரண்டு கட்டை என்றால் கீபோர்டில் டி. அதன் மேல் ஸ்தாயி காந்தாரம் எஃப் ஷார்ப். பயிற்சி இல்லாத சனம் அங்கே ஏறாது, சத்தம் போடும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு பாடகர் குழுவைப் பார்க்கும். கட்டையை இறக்கினால் சரியாகும் என்று தோன்றும், ஆகாது, ஏனென்றால் சரணம் மந்தர பஞ்சமத்தில் கிடக்கிறது, ஒரு கட்டைக்கு இறக்கினால் அது ஆண்களுக்குக்கூடத் தொண்டைக்குள் போய்விடும். பாட்டு மொத்தமும் ஒன்றேமுக்கால் ஸ்தாயி ஓடுகிறது. சனங்கள் பாடுவதற்கு ஒரு ஸ்தாயி (ச முதல் மேல் ச வரை), கூட ஒன்றிரண்டு சுரம், அவ்வளவுதான் தாங்கும். சரணத்தை அவன் தனியாகப் பாடட்டும், யாரும் தடுக்கவில்லை. பல்லவி மட்டும் மேல் ஷட்ஜத்தோடு (மேல் ச) நிற்கட்டும். அவனுக்கு அந்தக் காந்தாரத்தை விட மனசு இல்லை என்றால் கடைசித் தடவை பல்லவி பாடும்போது பாடகர் குழுவில் இரண்டு பெண்கள் மட்டும் மேலே ஏறிப் பாடலாம், சனம் கீழே நிற்கும். கேட்கவும் நன்றாக இருக்கும்.

"காடல்" விஷயம் அதைவிட முக்கியம், சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தக் கோயிலில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் அது கடல். குறிலை இழுத்தால் தமிழில் வேறு சொல் ஆகிவிடும், மனம் மானம் ஆகும், வலி வாலி ஆகும். மெட்டை மாற்றச் சொல்ல வேண்டாம். "கடலே" என்று விளியாக்கி நீட்டத்தை "லே"-யில் வைத்தால் இழுக்க எவ்வளவு இடம் வேண்டுமானாலும் கிடைக்கும். பாட்டு கடலைப் பற்றிப் பேசுவதை விட்டுக் கடலிடம் பேச ஆரம்பிக்கும், அது அவனுக்குப் பிடிக்குமா என்பதை அவனிடமே விடுங்கள். வரியில் வேறெங்காவது சொல் நடுவில் முறிந்து மூச்சு எடுக்கிறானா என்றும் பாருங்கள். புலவர்கள் அதை வகையுளி என்பார்கள், தாளக்கட்டுக்குள் வரியை அமுக்குகிற எல்லாருடைய பாட்டிலும் இருக்கும்.

துக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் கரையில் அந்த நவம்பரைப் பேசாத வீடு இல்லை, அதனால் சொல்கிறேன். "ரொம்ப உருக்கமா இருக்கு, கண் கலங்கிடுச்சு" என்று மட்டும் அனுப்பினால் அது பாட்டுக்கு வந்த பதில் இல்லை, நடந்த சாவுக்கு வந்த பதில். அவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். அவன் உங்களிடம் வந்தது நீங்கள் கீபோர்டு வாசிக்கிறவர் என்பதால்தான், ஆறுதல் சொல்ல ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். முதல் வரியில் மாமாவைப் பற்றி இரண்டு வார்த்தை, பிறகு பாட்டை மட்டும் பேசுங்கள். "நீ எழுதினது" என்று சொல்லாமல் "பல்லவி இரண்டாம் வரி" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு அவனை விட்டுப் பாட்டுக்குப் போய்விடும்.

அமெரிக்காவில் லிஸ் லெர்மன் என்ற நடனக் கலைஞர் 1990 வாக்கில் இதற்கென்றே ஒரு முறை வகுத்தார். முதலில் கேட்டவர்கள் தங்களை எது தொட்டது என்று சொல்ல வேண்டும். அடுத்து, படைத்தவர் தனக்கு வேண்டியதைக் கேட்பார். பிறகு கேட்டவர்கள் அபிப்பிராயம் ஒளியாத கேள்வி கேட்க வேண்டும். கடைசியில்தான் கருத்து, அதுவும் "இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா" என்று அனுமதி கேட்ட பிறகு. முழுதாக அப்படியே வாட்ஸ்அப்பில் செய்ய முடியாது, ஆனால் அந்த மூன்றாவது படி கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது. "இரண்டாம் சரணத்தை ஏன் வேறு மாதிரி போடவில்லை?" என்பது கேள்வி வேஷம் போட்ட குற்றச்சாட்டு. "இரண்டாம் சரணம் வரும்போது கேட்கிறவருக்கு என்ன தோன்ற வேண்டும் என்று நினைத்தாய்?" என்பது கேள்வி. ஒருவேளை அவன் கடல் தினமும் ஒரே மாதிரி அடிக்கிறது என்பதற்காகவே மாற்றாமல் விட்டிருக்கலாம், யார் கண்டது.

குழித்துறைக்காரன்:

நடுவில் ஒரு சந்தேகம். கேட்கும்போதே ஏதோ பழைய மலையாளப் பாட்டு மாதிரி இருந்தால் சொல்லலாமா? என்னிடம் ஒரு பையன் போட்டுக் காட்டியபோது எனக்கு அப்படி இருந்தது, சொன்னால் திருட்டுப் பட்டம் கட்டின மாதிரி ஆகிவிடுமே என்று பேசாமல் இருந்தேன்.

வில்லடி:

சாயல் வேறு, மெட்டு வேறு. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர், இப்போதும் இரண்டு பாஷைப் பாட்டும் ஓடுகிற வீடுகள், சாயல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம், அதைக் குறையாகச் சொல்லவே கூடாது. ஒரு முழு வரி அப்படியே ஒத்துப்போனால் எந்தப் பாட்டு, எந்த இடம் என்று அனுப்பி "இதைக் கேட்டிருக்கிறாயா?" என்று தனியாகக் கேளுங்கள். பத்துப் பேர் இருக்கிற குரூப்பில் வேண்டாம்.

ஆறரைக்கட்டை:

என்னை எல்லாரும் சேர்ந்து வில்லன் ஆக்கிவிட்டீர்கள், இருக்கட்டும். அந்த 3:10-ஐ மட்டும் கீபோர்டு தம்பியிடம் தனியாக வாங்கிக் கேட்டேன். மோகனத்தில் ஏறி, இறங்கும்போது காகலி நிஷாதம் (உயர்ந்த நி) தொடுகிறான். பிலஹரி ராகத்துக்கு ஆரோகணம் (ஏறுவரிசை) மோகனம்தான், அவரோகணத்தில் (இறங்குவரிசை) நி, ம இரண்டும் வந்துவிடும். அந்த வாசனைதான் வருகிறது. அதைவிடப் பச்சையான காரணமும் உண்டு, கிட்டாரில் அங்கே ஏ கார்டு பிடித்திருக்கிறான், அதற்குள் சி ஷார்ப் இருக்கிறது, டி சுருதிக்கு அதுதான் நிஷாதம், குரல் கார்டைப் பார்த்துப் போய்விட்டது. மோகனத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு கார்டு போட டி மேஜரும் பி மைனரும்தான் முழுதாக ஒத்துவரும், ஜி போட்டால் மத்தியமம் வந்துவிடும், ஏ போட்டால் நிஷாதம்.

நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்பதற்காக மோகனம் என்று எழுதலாமா? கூடாது. அதை அவனுக்குச் சொல்லத்தான் வேண்டும். தான் எதைச் செய்தோம் என்று தெரியாதவனுக்கு அடுத்த பாட்டில் அதைத் திரும்பச் செய்ய வராது. கைத்தட்டு வாங்கியே வளர்ந்து, ஐந்து வருடம் கழித்தும் அதே நாலு கார்டில் நிற்கிற பசங்களை நான் நிறையப் பார்த்தாயிற்று, இந்த விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன்.

கடற்கரைக்காரி:

இறங்க வேண்டாம் சார், நீங்கள் இப்போது எழுதின பத்தியை அப்படியே அவனுக்கு அனுப்பினாலே போதும். சரளி வரிசைக்குப் போ என்றதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம். ராகம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கே தோன்றிவிடும்.

தக்கலைக் கீபோர்டு:

சரி, இப்படி எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"மக்கா, பாட்டை இரண்டு தடவை கேட்டேன். மாமாவை எனக்குத் தெரியாது, ஆனா அவர் வலை உலர்த்துற அந்த வரி கேட்டப்புறம் தெரிஞ்ச ஆள் மாதிரி ஆயிட்டார். 3:10-ல் எல்லாம் நின்னு நீயும் கிட்டாரும் மட்டும் வர்ற இடம்தான் இந்தப் பாட்டோட உயிர். அங்க ஒரு நிஷாதம் தொடுறே, அது தெரிஞ்சு வச்சதா, தானா வந்ததா? அதைப் பற்றி இன்னொருத்தர் எழுதினதைக் கீழே போட்டிருக்கேன். முன்னிசையில் இருபதாவது விநாடியிலேயே என் கவனம் போயிருச்சு, குரல் வந்ததும் திரும்பினேன். கோயில்ல சனங்க பாடணும்னு சொன்னியே, பல்லவி ரொம்ப மேலே போகுது, அதுக்கு ஒரு வழி இருக்கு, சொல்லட்டுமா? 'கடல்' எனக்குக் 'காடல்'னு கேக்குது, 'கடலே'ன்னு பாடிப் பார். ஸ்ட்ரிங்ஸ், எக்கோ, மழை, அதெல்லாம் அப்புறம். இப்போ கிட்டார் மட்டும் வச்சுப் பல்லவியை போன்ல பாடி அனுப்பு."

மார்த்தாண்டம் மிக்ஸிங்:

முன்னிசை வரியை எடுத்துவிடுங்கள். கிட்டார் மட்டும் வைத்துப் பாடச் சொன்னால் முன்னிசை தானாகவே போய்விடும், அடுத்த சுற்றில் அது திரும்ப வந்தால் பார்த்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் சரி.

வில்லடி:

வாய்ஸ் நோட்டாகப் பேசி அனுப்பாமல் இதை எழுத்தாகவே அனுப்புங்கள் அண்ணே, பாட்டைத் திருத்த உட்காரும்போது திரும்பத் திரும்பப் பார்ப்பான். "கடலே" ஒன்றை மட்டும் கீபோர்டில் வாசித்துக் காட்டலாம்.

தக்கலைக் கீபோர்டு:

முன்னிசை வரியை எடுத்துவிட்டு அனுப்பியாயிற்று. இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் கிட்டார்ப் பதிவை அவன் சம்மதித்தால் இங்கே போடுகிறேன்.

கடற்கரைக்காரி:

அவசரப்படுத்தாதீர்கள். அப்புறம் அண்ணா, பல்லவி இறங்கி வந்ததும் சோல்ஃபாவில் (டோ, ரே, மீ எழுத்தில்) எழுதி எனக்கு அனுப்புங்கள், மேல் குரலுக்கும் ஆல்டோவுக்கும் (பெண்களின் கீழ்க்குரல்) நான் போட்டுத் தருகிறேன், நவம்பருக்குள் பாடகர் குழு பழக வேண்டுமே.